எழுநூற்று ஐம்பது அடியில் ஐம்பத்திரண்டு பேர்

நாங்கள் ஐம்பத்திரண்டு பேரும் ஒரே நாளில் சந்தையை விட்டு வெளியேறினோம், அது ஆடி மாதம் இரண்டாவது வெள்ளி, மறுநாள் காலை ஆறரை மணிக்கு எங்கள் காலனிக்குப் பின்னால் தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைப் போர்க்குழியிலிருந்து ஈஸ்வரி அத்தையின் குரல் வந்தது. நான் வந்துட்டேனுங்க, வேற யாரெல்லாம் வந்திருக்கீங்க என்று அது கேட்டது. அத்தை அப்போது சேலத்தில் அவள் தங்கச்சி வீட்டு வாசலில் நின்று செல்போனில் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தாள்.

சந்தை என்று நான் சொல்வது செல்போனுக்குள் இருக்கும் அந்தப் பெரிய தளத்தை. பெயரை எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும், உங்களில் பாதிப் பேர் இதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு தடவையாவது அங்கே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவீர்கள். நான் சிந்துஜா, வயது பதினேழு, பதினொன்றாவதில் பாதியில் நின்றவள், ஏன் நின்றாய் என்று கேட்காதீர்கள், பிடிக்கவில்லை, நின்றேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ரிக் காலனி என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விடுவார். நாற்பது வீடு, நாற்பது வீட்டு ஆம்பளைகளும் ரிக் வண்டி ஏறிப் பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்கெல்லாம் போய் வருஷத்தில் எட்டு மாதம் போர் போடுகிறவர்கள், இந்தியா பூராவுக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள், சொந்தக் காலனிக்குப் போட்ட போரில் எழுநூற்று ஐம்பது அடி போயும் வெறும் கல்தூள் புகைதான் பறந்தது. அதை யாரும் எங்களிடம் கேட்கக் கூடாது.

சந்தையில் எங்களுக்கு ஒரு குழு இருந்தது. வண்டி எந்த ஊரில் நிற்கிறது, யாருக்குக் காய்ச்சல், யார் லீவுக்கு வருகிறார், எல்லாம் அதில்தான் போடுவோம், முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது, அப்புறம் எதை மேலே வைப்பது எதைக் கீழே தள்ளுவது என்று சந்தையே முடிவெடுக்க ஆரம்பித்தது. ஈஸ்வரி அத்தையின் வீட்டுக்காரருக்குத் துளை போடும் இரும்பு ராடு மாட்டும்போது கை நசுங்கிப்போய், ரத்தம் வேணும், அந்த ஊர்ல யாராச்சும் இருக்கீங்களா என்று அத்தை அழுதுகொண்டே பேசிப் போட்ட வீடியோ அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் வந்து சேரவில்லை, எங்களுக்கு அன்றைக்கு முழுக்கச் சேலைத் தள்ளுபடியும், ஒருவன் தர்ப்பூசணியைத் தலையால் முட்டி உடைப்பதும்தான் வந்தன, நாலாம் நாள் அந்த வீடியோ வந்தபோது அதில் யாரோ மேளம் சேர்த்திருந்தார்கள், அத்தையின் அழுகையை வெட்டி வெட்டி ஒட்டிப் பாட்டாக்கியிருந்தார்கள், எட்டு லட்சம் பேர் சிரித்திருந்தார்கள். அத்தை மளிகைக் கடைக்குப் போனால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அந்த மெட்டை முனகினார்கள். அவள் வீட்டுக்காரர் பிழைத்தார், இரண்டு விரல் போய்விட்டது. அத்தை அதற்கப்புறம் சத்தமாக அழுததில்லை.

அப்போதுதான் பர்வீன் அக்கா, போதும், நாம வேற எடம் போயிரலாம் என்றாள். பர்வீன் அக்காவின் அண்ணன் டிரில் பிட் கடை வைத்திருக்கிறார், அக்கா பாலிடெக்னிக் படித்துவிட்டு அந்தக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள், நான் அங்கே பிட்டுக்கு எண்ணெய் தடவிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போகிறேன். கடையின் பின்னறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அக்கா எங்களுக்கென்று ஒரு சின்ன இடத்தைக் கட்டினாள். ரிக்காரர்கள் தங்கும் இடத்துக்குக் கேம்ப் என்று பெயர், அதனால் அதற்கும் கேம்ப் என்றே வைத்தோம். அதில் விருப்பக் குறி கிடையாது, சொல்ல வேண்டுமென்றால் எழுது, இல்லாவிட்டால் சும்மா இரு. வெளியாள் உள்ளே வர ஒரு வரி எழுதிக் கதவைத் தட்ட வேண்டும், பர்வீன் அக்காவோ நானோ திறக்க வேண்டும். எல்லோரும் சரி என்றார்கள். நான்தான் கடைசிவரை இழுத்தேன்.

காரணம் என் அண்ணன். நவநீதன். அப்பாவோடு அதே வண்டியில் வேலை பார்த்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கேம்ப்பில் எல்லார் முன்னாலும் அப்பா அவனை அறைந்தார், அவன் பையை எடுத்துக்கொண்டு ரோட்டில் ஏறினான், எந்தப் பக்கம் போனான் என்றுகூட யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த அப்பா, அவன் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தார். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சந்தையில் நான் போட்டிருந்த பூனைப் படத்துக்கு, படமே இல்லாத ஒரு சாம்பல் வட்டம், பெயர் என்று 'ந' ஒன்று மட்டும் வைத்திருந்தது, விருப்பக் குறி போட்டது. அடுத்த ஞாயிறும் போட்டது. அண்ணாவா என்று கேட்டு எழுதினேன். மூன்று வாரம் காணவில்லை. அதிலிருந்து நான் எதுவும் கேட்கவில்லை, சனிக்கிழமை ராத்திரி எதையாவது ஒரு படத்தைப் போட்டுவிடுவேன், ஞாயிறு காலை அந்தக் குறி விழும், அம்மாவிடம் காட்டுவேன், அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்புக்குப் போவாள். ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

நான் அம்மாவிடம், நாம மட்டும் சந்தைலயே இருந்துக்கலாம் என்றேன். அம்மா பெயர் மைனாவதி, அதிகம் பேச மாட்டாள்.

"ஈஸ்வரி அழுததுக்கு எட்டு லச்சம் பேர் சிரிச்சாங்கள்ள. அதுல அவனும் ஒருத்தனா இருப்பானோன்னு எனக்கு ஒவ்வொரு நாளும் தோணுதுடி. வந்துரு."

வெளியேறும்போது சந்தை என்னிடம் நிஜமாகவே போகிறாயா என்று கேட்டது. உன் நண்பர்கள் உன்னைத் தேடுவார்கள் என்று சொல்லி ஐந்து முகங்களைக் காட்டியது, அதில் ஐந்தாவது அந்தச் சாம்பல் வட்டம். அதற்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அமுக்கிவிட்டேன்.

மறுநாள் காலைதான் போர்க்குழி பேசியது. ஆடியில் வடக்கே மழை என்பதால் வண்டிகள் பாதி ஊருக்குத் திரும்பியிருந்தன, அப்பாவும் வந்திருந்தார், ஆம்பளைகள் பல்குச்சியோடு வந்து குழியைச் சுற்றி நின்றார்கள். ரிக்காரர்கள் எதையும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை இஞ்சித் தண்ணீர் என்றுதான் கேட்பார்கள். வண்டி மேனேஜர் தனசேகரன் மாமா குனிந்து, குழியின் வாயில் நிற்கும் கேசிங் பைப்பில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஒன்றரை இஞ்சிப் பேச்சு வருகிறது, கலங்கல் இல்லை, பரவாயில்லை என்றார். அவ்வளவுதான். எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

கேம்ப்பில் யார் எதை எழுதினாலும் அது எழுதியவரின் சொந்தக் குரலில், எழுதும்போது பக்கத்தில் கேட்ட குக்கர் சத்தமோ ரயில் சத்தமோ அதுவும் சேர்ந்து, குழியிலிருந்து வந்தது. குழிக்குள் பேசினால் அது எழுத்தாகிக் கேம்ப்பில் ஏறியது. எழுதத் தெரியாத அம்மாவுக்கும் அவளைப் போல் இன்னும் ஏழெட்டுப் பேருக்கும் இது வசதியாகப் போயிற்று. ஒரு வாரத்தில் குழியைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, பழக்கடைக் குடை ஒன்று வந்தது, கீரை ஆய்வதையும் பூண்டு உரிப்பதையும் பெண்கள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள், ஒரிசாவில் இருக்கும் வண்டியிலிருந்து ஒருவர் சாப்பிட்டாச்சா என்று எழுதினால் குழி சாப்பிட்டாச்சா என்று கேட்கும், நாற்காலியில் இருக்கும் நாலு பேரும் ஆச்சு என்பார்கள், ஒரிசாவில் நாலு ஆச்சு போய் விழும். ஈஸ்வரி அத்தை தன் மாமியாரைப் பற்றி ஒருத்திக்கு எழுதியதை அந்த மாமியாரே குழிப் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்டாள், மூன்று நாள் வீட்டில் உலை தனித்தனியாக வைத்தார்கள், அப்புறம் மாமியார் குழிக்குள் குனிந்து தன் பக்கத்து நியாயத்தை நாற்பது நிமிஷம் சொன்னாள், அது ஐம்பத்திரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது, அதிலிருந்து எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல முடிந்ததை மட்டுமே எழுதினார்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு சார் வந்தார், தண்ணீர் வராத குழியைத் திறந்து வைக்கக் கூடாது, இரும்பு மூடி போட வேண்டும் என்றார், சரியென்று போட்டோம், உடனே கேம்ப்பில் எழுதியதெல்லாம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. மூடியைத் திறந்தோம், நின்றுபோன பேச்செல்லாம் வரிசையாக வெளியே வந்தது. சார் தலையைச் சொறிந்துவிட்டு, குழந்தைகள் கிட்டே போகாதபடி கம்பி வலை போடச் சொல்லி, பயன்பாட்டில் உள்ளது என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

எல்லோருக்கும் நன்றாக இருந்தது. எனக்கு இல்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கே எழுந்து செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, நான் சந்தையில் இல்லை, குறி விழுவதற்கு இடமே இல்லை. அவன் இப்போது என் பக்கத்தைத் திறந்திருப்பான், அப்படி ஒருவர் இல்லை என்று சந்தை அவனிடம் சொல்லியிருக்கும், அவன் நான் செத்துவிட்டேன் என்று நினைப்பான், அல்லது அவனை வேண்டாமென்று அடைத்துவிட்டேன் என்று நினைப்பான், இரண்டில் எது தேவலாம் என்று நான் நகத்தைக் கடித்தேன். இரண்டாவது ஞாயிறு கடிக்க நகம் இல்லை. மூன்றாவது ஞாயிறு அம்மா வந்து என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள், ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். குழியில் ஐம்பத்திரண்டு பேர் பேசுகிறார்கள், எனக்கு வேண்டிய ஐம்பத்து மூன்றாவது ஆள் அதில் இல்லை.

அதனால் ஒரு பொய் சொன்னேன். தனசேகரன் மாமாவிடம் போய், குழியில் பேச்சுக் குறைகிறது, முக்கால் இஞ்சிதான் வருகிறது, இப்படியே போனால் வற்றிவிடும், இன்னும் ஆழம் போட்டால் என்ன என்றேன். எந்த ஊரில் யார் கேட்டாலும் இவர்கள் சொல்லும் ஒரே பதில் அதுதானே, இன்னும் நாலு ராடு எறக்கிப் பாக்கலாம். பர்வீன் அக்கா மட்டும், இருக்கறது போதும்டி, எதுக்கு நோண்டறீங்க என்றாள். யாரும் கேட்கவில்லை. சர்வீஸ் முடிந்து வண்டி சும்மாதான் நின்றது. கீழே போகப் போகச் சந்தை வரும் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்றால், வேறு எங்கே இருக்கும்? அவ்வளவு கூட்டத்தை மண்ணுக்கு மேலே எங்கே வைப்பது?

ஆவணி முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியைக் குழி மேல் நிறுத்தினார்கள். லீவரில் அப்பா நின்றார். அவர் பெயர் செங்கோட்டுவேல், இருபத்திரண்டு வருஷமாக டிரில்லர், வண்டி ஓடும்போது மட்டும்தான் அவர் முகத்தைப் பார்க்க நன்றாக இருக்கும். நடுநடுவே ராடைத் தூக்கிக் கல்லில் சட்சட்டென்று இரண்டு வெற்றுத் தட்டு போட்டுவிட்டு மறுபடி இறக்குவது அவர் பழக்கம், அண்ணனும் அவரிடம்தான் கற்றான். எழுநூற்று ஐம்பதிலிருந்து ராடு மேல் ராடாக மாட்டி இறக்கினார்கள், வெள்ளைப் புகை பறந்து துணிக்கொடியெல்லாம் மாவு பூசிக்கொண்டது, இருபதாவது ராடில், ஆயிரத்து நூற்றைம்பது அடியில், ராடு ஒரு முழம் வெடுக்கென்று தானாக இறங்கியது, அப்பா கம்ப்ரசர் காற்றை நிறுத்தினார், ராடுகளை உருவி எடுத்தார்கள், கடைசி ராடு வெளியே வந்ததும் சந்தை மேலே வந்தது.

அதை எப்படிச் சொல்வது. சிரிப்பு வந்தது, வசை வந்தது, பத்தே நாளில் முடி வளரும் என்றது, இவனைத் தூக்கில் போடு என்றது, பிறந்தநாள் வாழ்த்துகள் என்றது, என் மகளைக் காணவில்லை என்று ஒரு குரல் கத்தியதன் மேல் சிமெண்ட் விளம்பரம் ஏறி உட்கார்ந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் தகரக் கூரையில் கல்மழை கொட்டுவது போல் டக் டக் டக் என்று ஒரு சத்தம், அதுதான் விருப்பக் குறிகள், விருப்பக் குறிக்குக் குரல் கிடையாது, சத்தம் மட்டும்தான், ஒரு நொடிக்கு எத்தனை லட்சமோ விழுந்துகொண்டிருந்தது. ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. எங்கள் ஐம்பத்திரண்டு பேரின் பேச்சு அதில் எங்கே போனதென்று தெரியவில்லை, ஒரிசாவிலிருந்து யாரோ வண்டி சரிந்துவிட்டது என்று எழுதியிருந்தார், அது எங்களுக்குக் கேட்கவே இல்லை, பிறகு போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அப்புறம் அந்த மெட்டு வந்தது. மேளத்தோடு, வெட்டி ஒட்டிய ஈஸ்வரி அத்தையின் அழுகை, குழியிலிருந்து, காலனி முழுக்க. அத்தை உரித்த பூண்டை முறத்தில் அப்படியே வைத்துவிட்டு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் குழிப் பக்கத்தில் காதைக் கொடுத்து அந்த டக் டக்கில் ஒரு டக்கைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமைதானே, இந்நேரம் எங்காவது போட்டுக்கொண்டிருப்பான். நான் முட்டாள். ஒரு டக்குக்கும் இன்னொரு டக்குக்கும் வித்தியாசமே இல்லை.

அப்பா, யார் ஆழம் போடச் சொன்னது என்று பொதுவாகக் கேட்டார். தனசேகரன் மாமா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"நான்தான். பேச்சொண்ணும் கொறையல, பொய் சொன்னேன். அண்ணன் அங்கதான் இருக்கான். நவநீதன்."

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயர் அவர் காதில் விழுந்தது. அறைவார் என்று நினைத்தேன், கன்னம் தானாக இறுகியது. அவர் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு, ஜல்லி கொண்டாங்க, அடைச்சிரலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு டிராக்டரைப் பார்த்து நடந்தார்.

ஜல்லி வர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷத்தில் நான் செய்தது தப்பு என்று அப்போதே தெரியும். வலையைத் தள்ளிவிட்டு, வயிறு தரையில் பட விழுந்து, தலையைப் பைப்புக்கு மேல் வைத்து என் தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணா, நவநீதண்ணா, நாங்க சந்தைல இல்ல, நான் சாகல, உன்ன அடைக்கவும் இல்ல, கேம்ப்புக்கு வந்துட்டோம், கதவைத் தட்டு, நான் தெறக்கறேன் என்று சொல்லி, கேம்ப்பின் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக மூன்று தடவை சொன்னேன். பர்வீன் அக்கா என் கால் இரண்டையும் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்காடி? உங்கண்ணனுக்கு மட்டுமா கேக்கும்? அத்தன பேருக்கும் வழி சொல்லிக் குடுத்திட்டியே."

மூன்று டிராக்டர் ஜல்லி, அதன் மேல் களிமண், அதன் மேல் சிமெண்ட் பால் ஊற்றி எழுநூற்று ஐம்பது அடி வரைக்கும் ஏற்றி அடைத்தார்கள். சாயங்காலம் பழையபடி ஒன்றரை இஞ்சி வந்தது.

திங்கட்கிழமை காலையில் கேம்ப்பின் கதவை இருநூற்றுப் பதினாலு பேர் தட்டியிருந்தார்கள். இருநூற்றுப் பதினாலு பேரும் நான்தான் உன் அண்ணன் என்று எழுதியிருந்தார்கள்.

குழிப் பக்கத்தில் கூட்டம் போட்டார்கள். பாதிப் பேர் என்னைக் கேம்ப்பிலிருந்து தூக்க வேண்டும் என்றார்கள், மீதிப் பேர் கதவையே இனி ஒருத்தருக்கும் திறக்காதபடி அடைக்க வேண்டும் என்றார்கள், இரண்டுமே நியாயம்தான், நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்போது ஈஸ்வரி அத்தை எழுந்தாள்.

"என்ன வெச்சுப் பாட்டுப் போட்டவனுகளும் அதுல இருப்பானுக. இருக்கட்டும். மைனாவதி மகனும் இருந்தா?"

அதனால் ஒரு வாரம் தந்தார்கள். தட்டிய ஒவ்வொருவருக்கும் கதவை ஒரு விரற்கடை திறப்பது, உள்ளே விடாமல் கேட்பது, ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குப் பர்வீன் அக்கா கதவை நிரந்தரமாக அடைத்துவிடுவது. கேட்பது சுலபம், ஏனென்றால் எழுத்தில் யார் வேண்டுமானாலும் அண்ணனாகலாம், குழியில் அவரவர் குரல்தான் வரும்.

அம்மா ஒரு வாரமும் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் ஒவ்வொன்றாகத் திறப்பேன், குழி அம்மா என்று கூப்பிடும், அம்மாவின் முகம் ஒரு நொடி தூக்கிப் போடும், அவன் குரல் இல்லை என்று தெரிந்ததும் இறங்கும், அடுத்ததைத் திறப்பேன். அம்மா, நான்தான், கோழி அடிச்சு வை என்று ஒருவன், பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். மீசை முளைக்காத குரலில் ஒரு பையன், கணக்கு வாத்தியார் போல ஒரு பெரியவர், பெண் குரலில் ஒரு அண்ணன். முதல் நாள் நான் எல்லோரையும் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அம்மா திட்டவில்லை, இல்ல சாமி, நீ இல்ல என்று ஒவ்வொருத்தனிடமும் சொன்னாள், சிரித்தவனிடமும் அதையேதான் சொன்னாள், சிலர் சிரிப்பை நிறுத்தினார்கள், பலர் நிறுத்தவில்லை. வியாழக்கிழமை ஒரு குரல், நான் உங்க மகன் இல்லீங்கம்மா, எங்க வீட்டுல என்ன யாரும் தேடல, அதான் தட்டிப் பாத்தேன் என்றது. அம்மா பைப்பின் பக்கம் இன்னும் குனிந்தாள். அப்புறம், உங்கம்மாவுக்குப் போன் போடு சாமி, எடுக்கலைன்னா மறுக்கா போடு என்றாள்.

அப்பா குழிக்கு வரவே இல்லை. முப்பதடி தள்ளி வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார், ஒரு வாரமாக அதே நட்டுதான். ஒவ்வொரு தடவை குழி அம்மா என்று கூப்பிடும்போதும் ஸ்பானர் சத்தம் நின்றது. அம்மா இல்ல சாமி என்றதும் மறுபடி ஆரம்பித்தது.

ஞாயிறு பதினொன்றேமுக்காலுக்கு இருநூற்றுப் பதினாலும் முடிந்தது. அவன் அதில் இல்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஈஸ்வரி அத்தை நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள், பர்வீன் அக்கா மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மணி பார்த்தாள். அம்மா முந்தானையால் பைப்பின் வாயைத் துடைத்தாள், எதற்கென்று தெரியவில்லை. போனை அணைக்கப் போனேன், அப்போது பார்த்தால் கதவில் இன்னொன்று, இருநூற்றுப் பதினைந்தாவது, பெயர் இல்லை, வரி இல்லை, எழுத்தே இல்லை, யாரோ வெறுமனே தட்டியிருந்தார்கள்.

திறந்தேன். குழியிலிருந்து குரல் வரவில்லை. தட்டியவர் நிற்கும் இடத்தின் இஞ்சின் சத்தம் மட்டும் வந்தது, அதற்குள் காற்று சீறும் சத்தம், அதற்கும் உள்ளே இரும்பு கல்லில் இறங்கும் தடதடப்பு.

"இதென்னடி, மோட்டாரா?" என்றாள் அம்மா.

தனசேகரன் மாமா குனிந்து கேட்டார். எங்கியோ வண்டி ஓடுது, போர் போடறாங்க என்றார். ரிக் ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், யாராவது கை தவறி அமுக்கியிருக்கலாம், அதையும் அவரே சொன்னார். மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. ஸ்பானர் சத்தம் நின்றது, மறுபடி ஆரம்பிக்கவில்லை, வண்டிக்கு அடியிலிருந்து அப்பா வெளியே வந்தார், கை முழங்கை வரை கிரீஸ். அவர் வந்த வேகத்துக்குக் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தானாக விலகினார்கள். முழங்காலில் உட்கார்ந்து, பைப்பை இரண்டு கையாலும் பிடித்து, காதை வைத்தார்.

"எறநூறு அடி இருக்கும். மேல களி முடிஞ்சு இப்பத்தான் கருங்கல்லத் தொட்டிருக்கான்."

யாருப்பா என்று கேட்டேன். அவர் காதை எடுக்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தடதடப்பு ஓடியது, நின்றது, ராடு மேலே ஏறியது போல் ஒரு சத்தம், சட்சட்டென்று கல்லில் இரண்டு வெற்றுத் தட்டு, மறுபடி தடதடப்பு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நின்றது, மறுபடி இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டு விழும்போது அப்பாவின் வலது கை, பைப்பைப் பிடித்திருந்த கை, லீவரைத் தள்ளுவது போல் தானாக இரண்டு தடவை அசைந்தது. அவருக்கே தெரியாமல்.

மூன்றாவது தடவை தட்டு வரவில்லை. தடதடப்பு வேகமாகி, கிறீச்சென்று இழுத்து, இஞ்சின் முக்கியது. தனசேகரன் மாமா, ராடு மாட்டிக்கப் போகுது என்றார். அப்பா வாயைப் பைப்புக்குள் வைத்தார். மகனே என்று சொல்வார் என்று நினைத்ததாக அம்மா பிறகு என்னிடம் சொன்னாள், நானும் அப்படி ஏதோ நினைத்தேன். அவர் வண்டியில் நின்றால் எப்படிப் பேசுவாரோ அதே குரலில் பேசினார்.

"காத்தக் கொற. மேல தூக்கி விடு. கல்லு மாறுதுல்ல, மெல்ல எறக்கு. அவசரமில்ல."

அது எழுத்தாகிப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்த நேரம் ஆயிற்று. கீழே காற்று குறைந்தது. ராடு ஏறியது. அப்புறம் தடதடப்பு மறுபடி வந்தது, மெல்ல, ஒரே சீராக.

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பர்வீன் அக்காவின் விரல் விசைக்கு மேலேயே நின்றது, அவள் அப்பாவைப் பார்த்தாள். நான், உள்ள சேத்திரட்டுமா என்று கேட்டேன், என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல் இருந்தது. அப்பா பைப்பிலிருந்து காதை எடுக்காமல் கையை மட்டும் தூக்கினார்.

"வேல பாக்கறவனக் கூப்புடாத. ராடு முடியட்டும்."

எவ்வளவு நேரம் ஆகும் என்று அம்மா கேட்டாள். இருபது அடி ராடு, கருங்கல்லு, கால் மணி நேரம் ஆகும் என்றார். பர்வீன் அக்கா விரலை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் தரையில் வைத்தாள். ஈஸ்வரி அத்தை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகளைத் திரும்பப் பிரித்துப் போட்டாள், நாங்கள் உட்கார்ந்தோம்.